மறையாத வண்ணம்

தம்பி மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அவன் மேசைமேல் ஒரு சிறு படை நிற்கிறது. ஒவ்வொரு சிப்பாயும் ஐந்து சென்டிமீட்டர் உயரம். அதாவது ஆளின் அளவில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. பெட்டியில் வரும்போது எல்லாம் சாம்பல் நிற பிளாஸ்டிக். கை, கால், தலை, துப்பாக்கி என்று சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைத் தனித்தனியாக வெட்டியெடுத்து, பசை போட்டு ஒட்டி, அப்புறம் வண்ணம் தீட்ட வேண்டும். பசை வரைக்கும் பையன் கெட்டிக்காரன். வண்ணத்தில் அவசரக் கை. போன கோடை விடுமுறையில் என்னிடம் வந்து நின்றான்.

"அத்தை, உங்க கை நடுங்காதுல்ல? இந்தச் சட்டைக்கு மட்டும் புள்ளி வச்சுக் குடுங்க."

சட்டை என்று அவன் சொன்னது உருமறைப்புச் சீருடையை. பழுப்பு அடிவண்ணம், மேலே இரண்டு பச்சை, ஒரு கருஞ்சிவப்பு. இருப்பதிலேயே மெல்லிய தூரிகையை எடுத்து, வண்ணத்தைத் தண்ணீர் விட்டு இளக்கி, திட்டுத் திட்டாக வைத்துக்கொண்டே போனேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கட்டளையிட்டான். தையல் வரியில் நிறுத்தாதீங்க. பையைத் தாண்டிப் போகணும். கையிலிருந்து மார்புக்கு ஒரே திட்டாக ஓடணும். சொல்வதில் நியாயம் இருந்தது. உடம்பின் விளிம்பு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் செய்வதற்காக உண்டானதுதான் அந்த வடிவம். விளிம்புக்கு மரியாதை கொடுத்துத் தீட்டினால் அது வெறும் பூச்சட்டை.

ஒரு மணி நேரம் கழித்துச் சிப்பாயை மேசைமேல் நிறுத்திவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. ஏதோ சேறு அப்பிய குச்சி மாதிரி இருந்தான். எனக்குப் பெருமை, வண்ணம் தன் வேலையைச் செய்துவிட்டது. பையனுக்கோ அழுகை வராத குறை. பிறகு இருவருமாகச் சட்டை மடிப்பின் மேடுகளில் வெளிர் நிறம் தொட்டு, பள்ளங்களில் கருமையை இறக்கி, இடுப்புப் பட்டைக்கு ஓரம் கட்டி அவனை மீட்டெடுத்தோம். உண்மைச் சிப்பாய்க்கு மறைவதற்காகப் போட்ட ஆடையை, பொம்மைச் சிப்பாய்க்கு எல்லோரும் பார்ப்பதற்காகத் தீட்ட வேண்டியிருக்கிறது. இந்த முரண் என்னை விடவில்லை. யார் இதையெல்லாம் தீட்டினார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

பொம்மைச் சிப்பாய் வரலாற்றில் ஆண்களின் பெயர்கள் நிறைய. 1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் ஈயச் சிப்பாயை உள்ளே கூடாக வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். உலோகம் மிச்சமானது, விலை இறங்கியது, நடுத்தர வீட்டுப் பையன்களுக்கும் படை கிடைத்தது. வார்த்த சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பலர் வீட்டுக்கு எடுத்துப் போய்த் தீட்டிக் கொடுத்தார்கள். சோறு வெந்துகொண்டிருக்கும்போது ஒரு டஜன் குதிரைப்படைக்குச் சிவப்புக் கோட்டு. பீடி சுற்றும், தீப்பெட்டி ஒட்டும் வீடுகளைப் பார்த்த நமக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. அதே பொம்மைகளை வைத்துக்கொண்டு எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு போர் விளையாட்டுப் புத்தகம் போட்டார். அதன் நீண்ட துணைத்தலைப்பு, பன்னிரண்டு வயதிலிருந்து நூற்றைம்பது வயது வரையுள்ள பையன்கள் எல்லோரையும் நிபந்தனையில்லாமல் அழைக்கிறது. பெண்களில் மட்டும், ஆண்பிள்ளை விளையாட்டையும் புத்தகங்களையும் விரும்பும் அளவுக்குக் கூடுதல் அறிவுள்ளவர்களுக்கு அனுமதி. வெல்ஸ் பெண் வாக்குரிமையை ஆதரித்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் தரையில் படுத்துக்கொண்டு நகர்த்திய படைக்குச் சட்டை போட்டுவிட்டவர்களுக்கு அந்தத் துணைத்தலைப்பில் வேலை இல்லை.

விடுமுறை முடிவதற்குள் பையன் சிப்பாய்களிலிருந்து கப்பலுக்குத் தாவிவிட்டான். எல்லாப் பையன்களையும் போல டைட்டானிக். எழுநூறில் ஒரு பங்கு, முப்பத்தெட்டு சென்டிமீட்டர். ஆனால் மூழ்கிய கப்பலாக வேண்டாமாம், மூழ்கடித்த கப்பலாக வேண்டுமாம். டைட்டானிக்குக்கு ஒலிம்பிக் என்று ஓர் அக்கா உண்டு. அச்சு அசல் அதே உருவம். முதல் உலகப் போரில் அது துருப்புக் கப்பலாயிற்று. 1918 மே மாதம் தன்மேல் குறிவைத்த ஜெர்மன் நீர்மூழ்கி யு-103ஐ நேராக மோதி மூழ்கடித்தது. 1935 வரை பிழைத்துக் கிடந்து உடைப்புக்குப் போனது. தங்கை பேர் உலகத்துக்கே தெரியும். வேலை செய்து மூப்படைந்த அக்காவின் பேரை இந்தப் பையன் சொல்லித்தான் நானே கேட்கிறேன். போரின்போது ஒலிம்பிக்கின் உடம்பு முழுக்க வரிகளும் சாய்கட்டங்களும் வளைவுகளும் தீட்டியிருந்தார்கள். அந்த வரிகளுக்காகத்தான் அத்தை தேவைப்பட்டாள்.

இந்த வண்ணத்துக்கு டாஸில் என்று பெயர். கண்ணைக் கூச வைப்பது என்று சொல்லலாம். உருமறைப்பு என்ற நம் சொல் இதற்குப் பொருந்தாது, ஏனென்றால் இது எதையும் மறைப்பதில்லை. நடுக்கடலில் கப்பலை மறைக்க முடியாது. வானம் மணிக்கொரு நிறம், புகைபோக்கி கக்கும் புகை பல மைலுக்குத் தெரியும். 1917 பிப்ரவரியில் ஜெர்மனி வரைமுறையற்ற நீர்மூழ்கிப் போரை அறிவித்தது. ஏப்ரல் மாதம் மட்டும் உலகம் எட்டு லட்சம் டன்னுக்கு மேல் கப்பல்களை இழந்தது. அந்த வசந்தத்தில்தான் நார்மன் வில்கின்சன் என்ற கடற்காட்சி ஓவியருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் அப்போது கடற்படைத் தன்னார்வ அதிகாரி. நீர்மூழ்கிக்காரன் கப்பலைப் பார்க்கட்டும்; தப்பாகப் பார்க்கட்டும். டார்ப்பிடோ கப்பலைப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். ஆகவே கப்பல் இப்போது இருக்கும் இடத்தில் குறிவைத்துப் பயனில்லை. அது எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது என்று கணித்து, அது வரப்போகும் இடத்தில் அடிக்க வேண்டும். பெரிஸ்கோப்பை வெளியே நீட்டிக்கொண்டு வெகுநேரம் இருக்கவும் முடியாது. அந்தச் சில நொடிகளில் முகப்பு எது, பின்புறம் எது, வருகிறதா போகிறதா என்று குழப்பிவிட்டால் போதும்.

கப்பல் வேஷம் போடுவது தமிழுக்குப் புதிதல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய எம்டன், மூன்று புகைபோக்கி உள்ள கப்பல். நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல்போல் திரிந்தது. அடுத்த மாதம் பினாங்குத் துறைமுகத்துக்குள் அந்த வேஷத்திலேயே நுழைந்தது. சூழ்ச்சிக்காரனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோம். எம்டன் போட்டது மாறுவேடம், இன்னொன்றாகத் தோன்றுவது. டாஸில் அதுவும் அல்ல. கப்பல் கப்பலாகவே தெரிகிறது, எங்கே போகிறது என்பது மட்டும் தெரிவதில்லை.

வில்கின்சனுக்கு இதைச் செய்துபார்க்க இடம் தேவைப்பட்டது. கிடைத்த இடம் லண்டன் பிக்கடில்லியில் உள்ள பர்லிங்டன் ஹவுஸ், ராயல் அகாடமியின் வீடு. அங்கே பயிலும் மாணவர்களின் ஓவியக் கூடங்கள் சில அவருக்கு ஒதுக்கப்பட்டன. வேலைக்கு ஓவியர்கள், மரத்தில் சிறுகப்பல் செதுக்குவோர், கூடவே லண்டன் கலைக் கல்லூரிகளிலிருந்து பெண்கள். இந்தக் கடைசிச் சொல்லைப் படித்ததும் நான் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வீட்டுக்கும் பெண்களுக்கும் உள்ள வழக்கு பழையது.

1768இல் அகாடமி தொடங்கியபோது நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். சில ஆண்டுகளில் ஸோஃபனி என்ற ஓவியர் உறுப்பினர்கள் கூடியிருக்கும் படம் ஒன்றைத் தீட்டினார். கூடியிருக்கும் இடம் நிர்வாண ஆண் மாடலை வைத்து வரையும் வகுப்பு. அங்கே பெண் இருப்பது முறையல்ல. ஆகவே அந்த இருவரையும் சுவரில் மாட்டிய இரண்டு சட்டங்களுக்குள் முகங்களாக வைத்துவிட்டார். உறுப்பினர் கணக்கும் சரியாக வந்தது, ஒழுக்கமும் கெடவில்லை. மோசர் 1819இல் இறந்தார். அப்புறம் நூறு ஆண்டுக்கு மேல் அகாடமி எந்தப் பெண்ணையும் தேர்ந்தெடுக்கவில்லை.

மாணவியாகச் சேர்வதற்கே ஒரு வேஷம் தேவைப்பட்டது. 1860இல் லாரா ஹெர்ஃபோர்ட் தன் ஓவியங்களை முதலெழுத்து மட்டும் போட்டு அனுப்பினார். ஆண் என்று நினைத்து இடம் கொடுத்துவிட்டார்கள். தெரிந்த பிறகு மறுக்கச் சட்டத்தில் வழியில்லை. உள்ளே போன பெண்களுக்கும் உயிருள்ள உடம்பைப் பார்த்து வரையும் வகுப்பு 1893 வரை இல்லை. அப்போதும் மாடலின் இடுப்பில் துணி சுற்றியிருந்தது. 1914 மே மாதம், கோடைக் கண்காட்சி தொடங்கிய நாளில், மேரி வுட் என்ற வயதான வாக்குரிமைப் போராளி உடைக்குள் கறி வெட்டும் கத்தியை மறைத்துக்கொண்டு அதே வீட்டுக்குள் போனார். சார்ஜன்ட் தீட்டியிருந்த ஹென்றி ஜேம்ஸின் உருவப்படத்தை வெட்டினார். அந்தப் படத்துக்கு எழுநூறு பவுண்டு மதிப்பு என்று கேள்விப்பட்டதாகவும், ஒரு பெண் வரைந்திருந்தால் அதற்குப் பக்கத்தில்கூட வந்திருக்காது என்றும் பிடிபட்டபின் சொன்னார். நான் படத்தை வெட்டும் கட்சி இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் எனக்குக் குறை தெரியவில்லை.

மூன்றே ஆண்டுகளில் அதே வீட்டுக்குள் பெண்கள் தூரிகையோடு வந்து உட்கார்ந்தார்கள். அரசாங்கமே அழைத்தது.

வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் கப்பலின் அளவுகளை வாங்கி மரத்தில் அதன் சிறு உருவத்தைச் செய்வார்கள். அதன்மேல் வடிவங்களைத் தீட்டுவார்கள். பிடிக்கவில்லையென்றால் உடனே மாற்றலாம் என்பதற்காக எளிதில் கழுவிவிடக்கூடிய வண்ணம். பிறகு அதைச் சுழலும் மேசைமேல் வைத்து, பின்னால் ஒவ்வொரு விதமான வானத்தைத் தீட்டிய திரையை மாற்றி மாற்றி நிறுத்தி, நீர்மூழ்கியின் பெரிஸ்கோப் வழியாகப் பார்ப்பார்கள். கப்பல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பவர் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் வடிவம் தோற்றது. அழித்துவிட்டு மறுபடி தீட்ட வேண்டும். ஏமாந்தால், அந்த வடிவத்தை ஓர் அடிக்கு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு என்ற கணக்கில் தாளில் ஏற்ற வேண்டும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டும் ஒன்றுபோல் இருக்கக் கூடாது. ஒலிம்பிக்கின் நீளம் 882 அடி. இந்தக் கணக்கில் தாளில் 55 அங்குலம், என் சாப்பாட்டு மேசையை விட நீளம். அந்தத் தாள் துறைமுகத்துக்குப் போகும். அங்கே இன்னொரு ஓவியர் அதைக் கையில் வைத்துக்கொண்டு சாரத்தில் தொங்கும் வண்ணக்காரர்களுக்குக் கோடு காட்டுவார். லிவர்பூலில் அப்படி நின்றவர்களில் ஒருவர் எட்வர்ட் வாட்ஸ்வொர்த். அவர் பின்னாளில் அந்தக் காட்சியைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார், அது கலை வரலாற்றில் நின்றது.

நாங்களும் வீட்டில் செய்து பார்த்தோம். ஒலிம்பிக்கை நான் தீட்டி முடிக்க நான்கு நாள் ஆனது. நேர்கோட்டுக்கு ஒட்டுநாடா வெட்டி ஒட்டினேன், வளைவைக் கையாலேயே இழுத்தேன். ஊறுகாய்ப் பாட்டில்கள் வைக்கும் சுழல்தட்டைக் காலிசெய்து அதன்மேல் கப்பலை நிறுத்தினோம். காலண்டர் அட்டையைச் சுருட்டிப் பெரிஸ்கோப். பின்னால் என் பழைய சாம்பல் நிறக் கைத்தறிப் புடவை வானமானது. அறையின் மறுமூலையிலிருந்து ஒற்றைக் கண்ணால் எட்டு எண்ணும் வரை பார்த்துவிட்டுத் திசை சொல்ல வேண்டும். தம்பி இரண்டு முறை தப்பாகச் சொன்னான். தம்பி மனைவி ஒரு முறை தப்பு, ஒரு முறை சரி. எழுபத்து நாலு வயதாகும் அம்மா மூன்று முறையும் சரியாகச் சொன்னார். எப்படிம்மா என்றால், "அந்தக் கோட்டையெல்லாம் எதுக்குடீ பாக்கணும்? புகைக்குழாய் சாஞ்சிருக்கு பாரு, அதுக்கு எதிர்ப்பக்கம் மூக்கு" என்றார். நிஜ நீர்மூழ்கித் தளபதிகளும் இப்படித்தான் பாய்மரம், புகைபோக்கி எல்லாம் எந்த வரிசையில் நிற்கின்றன என்று பார்த்துத் திசை கணித்தார்கள். அதனால் டாஸில் வரைந்தவர்களும் வெறும் உடம்போடு நிற்கவில்லை, மேல்கட்டுகளையும் புகைபோக்கிகளையும் சேர்த்துத் தீட்டினார்கள். நான் புகைபோக்கிகளில் சோம்பல்பட்டிருந்தேன். அம்மா அதைப் பிடித்துவிட்டார்.

அகாடமிக்கு ஒருமுறை அரசர் ஐந்தாம் ஜார்ஜ் வந்தார். கடற்படையில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றியவர். பெரிஸ்கோப்பில் பார்த்துச் சிறுகப்பல் தெற்கிலிருந்து சற்று மேற்காகப் போகிறது என்றார். அது கிழக்குத் தென்கிழக்காக நின்றிருந்தது. வில்கின்சனின் தன்வரலாற்றில் உள்ள இந்தக் கதையை டாஸில் பற்றி எழுதும் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்லிவிட்டேன். ஆனால் எல்லோரும் சொல்லும்போது அந்த அறையில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், ஏமாந்த அரசர், ஏமாற்றிய வில்கின்சன். மரத்தில் கப்பலைச் செதுக்கியவரும், தீட்டியவரும், அழித்துத் தீட்டியவரும், தாளில் ஏற்றியவரும் அறைக்கு வெளியே நிற்கிறார்கள்.

வெளியே என்று எழுதியதும் சந்தேகம் வருகிறது. அவர்களை யாரும் மறைக்கவில்லை. டாஸில் பற்றி நான் படித்த எல்லா நூல்களிலும் கட்டுரைகளிலும் அந்தப் பெண்கள் வருகிறார்கள். கலைக் கல்லூரிப் பெண்கள், உதவியாளர்கள், வண்ணம் தீட்டிய மாணவிகள் என்று கட்டாயம் ஒரு வாக்கியம் இருக்கும். முப்பது ஆண்டுகளாகப் பெண்ணிய ஆய்வில் நாம் பழகிய சொற்கள் மறைப்பு, இருட்டடிப்பு, மௌனம் என்பவை. இங்கே அவை உதவவில்லை. இது டாஸில் மாதிரி நடந்திருக்கிறது. பெண்கள் நன்றாகத் தெரிகிறார்கள். எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதுதான் தப்பாகப் படிக்கப்படுகிறது. ஓவியராவதற்காகக் கல்லூரிக்கு வந்தவர்கள் அவர்கள். போர்க்காலத் தொண்டுக்கு வந்த பெண்பிள்ளைகளாக வாக்கியத்தில் நிற்கிறார்கள். ஈவா மெக்கன்ஸி அங்கே வேலை செய்தவர். 1918இல் வில்கின்சன் அவரை மணந்தார். பெயரோடு வரலாற்றுக்குள் வந்த ஒருவரும் மனைவி என்ற வழியாகத்தான் வந்தார்.

போர் முடிந்ததும் டாஸில் யாருடைய கண்டுபிடிப்பு என்று சண்டை வந்தது. ஜான் கிரஹாம் கெர் என்ற விலங்கியல் பேராசிரியர், வரிக்குதிரையையும் ஒட்டகச்சிவிங்கியையும் முன்வைத்து 1914லேயே கடற்படைக்கு எழுதியவர். முந்தியது நான்தான் என்றார். கண்டுபிடிப்பாளர்களுக்குப் பரிசளிக்கும் அரச ஆணையம் விசாரித்து வில்கின்சனுக்கு 2,000 பவுண்டு கொடுத்தது. யோசனை யாருடையது என்பதுதான் கேள்வி. எந்த வடிவம் பெரிஸ்கோப்பை ஏமாற்றும், எது ஏமாற்றாது என்பது சுழல்மேசைக்கு முன்னால் நூறு முறை அழித்து நூற்றோராவது முறை தீட்டித்தான் தெரிந்தது. அந்த அறிவை யோசனை என்று யாரும் எண்ணவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் கப்பல்கள் அந்த வரிகளை உடுத்திக்கொண்டு கடலுக்குப் போயின. அவை உண்மையில் உயிர்களைக் காத்தனவா? 1918இல் கடற்படையே ஒரு குழு வைத்துப் பார்த்தது. இழப்பு குறைந்ததற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. மாலுமிகளின் மனத்துணிவு கூடியிருந்தது, அதற்காகவே தொடரலாம் என்றது குழு. போரை வெறுக்கும் எனக்கு இந்த இடம் ஒருவகை ஆறுதல். அந்தப் பெண்கள் செய்தது யாரையும் கொல்லும் கருவி அல்ல. பயந்தவர்களுக்கு ஒரு சட்டை.

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் இன்னொரு கப்பல். நியூயார்க் யூனியன் சதுக்கத்தில், நட்டநடு ஊரில், ஆள்சேர்ப்புக்காக மரத்தால் ஒரு போர்க்கப்பல் கட்டி வைத்திருந்தார்கள். பெயரே ‘ரிக்ரூட்’. கடலையே பார்க்காத கப்பல்; உலகத்தின் மிகப் பெரிய பொம்மை என்று நான் அதைச் சொல்வேன். 1918 ஜூலையில் பெண்களின் உருமறைப்புப் படையினர் சாரம் ஏறி அதன் உடம்பு முழுக்க டாஸில் தீட்டினார்கள். பிரான்சின் பட்டறைகளிலோ பெண்கள் பீரங்கிகளை மூடும் வலைகளில் துணிக்கிழிசலையும் ரஃபியா நாரையும் முடிந்துகொண்டிருந்தார்கள். அங்கே உருமறைப்புப் பிரிவின் சின்னம் பச்சோந்தி.

அடுத்த போரில் நடந்த ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரோலண்ட் பென்ரோஸ் என்ற சர்ரியலிச ஓவியர் பிரிட்டனின் ஊர்க்காவல் படைக்கு உருமறைப்புப் பாடம் எடுத்தார். பாடத்தின் நடுவே திரையில் ஒரு படம் காட்டுவார். அவர் காதலி லீ மில்லர், பச்சை உருமறைப்புக் களிம்பு பூசிய நிர்வாண உடம்போடு, வலைக்கு அடியில் புல்லில் படுத்திருப்பார். தூங்கும் ஆண்கள் விழித்துக்கொள்வார்களாம். அந்தப் படத்துக்கு மில்லர் மனமுவந்து இருந்தார், அவர் யாருக்கும் பொம்மை அல்ல. ஆனாலும் வேடிக்கையைப் பாருங்கள். மறைவது எப்படி என்று கற்பிக்கும் வகுப்பில், வண்ணம் பூசியும் மறைய முடியாத ஒரே பொருளாகப் பெண்ணுடம்பைக் காட்டுகிறார்கள். 1945இல் அதே லீ மில்லர் போர் நிருபராக டாஹௌ முகாமுக்குள் போய், பார்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டதையெல்லாம் படம் எடுத்தார்.

பர்லிங்டன் ஹவுஸ் பெண்கள் என்ன ஆனார்கள்? கப்பல்கள் மறுபடி சாம்பல் நிறம் பூசிக்கொண்டன. தீட்டிய சிறுகப்பல்கள் பல லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1918 பிப்ரவரிச் சட்டம் பிரிட்டனில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாக்கு கொடுத்தது. கல்லூரி வயதுப் பெண்களுக்கு அதில் இடமில்லை. கப்பலை ஏமாற்றுவதற்கு வயது போதும், வாக்குப் போடுவதற்குப் போதாது. 1919 மார்ச்சில் செல்சீ கலைக்கழகம் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டாஸில் நடன விருந்து நடத்தியது. எல்லோரும் கறுப்பு வெள்ளை வரிகளில் ஆடினார்கள். அந்தக் கோடையில் அதே வரிகளோடு பெண்களுக்கு நீச்சலுடை வந்தது. அகாடமி 1922இல் ஆனி ஸ்வின்னர்டனை இணை உறுப்பினராக்கியது. முழு உறுப்பினராக ஒரு பெண் தேர்ந்தெடுக்கப்பட்டது 1936இல்தான், லாரா நைட். அவரும் பெண் உறுப்பினர்களும் அகாடமியின் ஆண்டு விருந்துக்கு அழைக்கப்பட்டது 1967இல். உறுப்பினராகலாம், சாப்பிட முப்பத்தொரு வருடம் காத்திருக்க வேண்டும்.

‘மாணவிகள்’ என்ற பன்மை ஏன் என்னை இவ்வளவு உறுத்துகிறது என்பதற்குக் காரணம் உண்டு. முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது ஒரு பழைய நூலின் பதிப்புக்குச் சொல்லடைவு செய்தேன். கணினி எங்கள் கைக்கு வராத காலம். சொல்லுக்கு ஒரு அட்டை, பதினாலு மாதம், செருப்புப் பெட்டிகளில் அகரவரிசை. எந்தச் சொல்லை வேர்ச்சொல்லில் சேர்ப்பது, எதைத் தனியே நிறுத்துவது என்று ஒவ்வொரு அட்டையிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். நூல் வந்தது. முன்னுரையின் கடைசிப் பத்தியில் ‘அடைவு தயாரிப்பில் உதவிய ஆய்வு மாணவியர்’ என்று இருந்தது. அந்தப் பன்மையில் நான் ஒருத்திதான் இருந்தேன். கோபம் வந்ததா என்றால், அன்று வரவில்லை. மகிழ்ச்சியாகக்கூட இருந்தது, குறிப்பிட்டிருக்கிறாரே என்று.

இப்போது என் ஆய்வேடு நூலாக வருகிறது. மெய்ப்புத் தாள்கள் கப்பலுக்குப் பக்கத்திலேயே கிடக்கின்றன. பழைய நன்றியுரையைப் புரட்டினால், ‘பிழையின்றித் தட்டச்சு செய்து உதவியவர்க்கும்’ என்று நானே எழுதியிருக்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு எதிரே டிடிபி கடை வைத்திருந்த அக்கா அவர். ஒற்று மிகும் இடம் நூற்றுக்கணக்கில் விட்டிருந்தேன், அடிக்கும்போதே திருத்தினார். மூன்றாம் இயலில் ஒரு மேற்கோள் இரண்டு முறை வருகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவரும் அவர்தான். என் நெறியாளர் கண்ணுக்கு அது படவில்லை. போன வாரம் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். நூலில் அவர் பெயரைப் போட வேண்டும், எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டேன்.

"பேரெல்லாம் எதுக்கும்மா? பேரைப் போட்டா உள்ள இருக்கிற பிழைக்கெல்லாம் நான்தான் பொறுப்புன்னு ஆயிடும்" என்று சிரித்தார். நான் விடவில்லை. சரி என்றுவிட்டு வைத்தவர், அரைமணி நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"ஏம்மா, எனக்கு இனிஷியல் ரெண்டு இருக்கே. அப்பாவோடது ஒண்ணு, அவரோடது ஒண்ணு. எதைப் போடுவே?"

நீங்கள் சொல்வதைப் போடுகிறேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அச்சகத்தில் இன்னும் பத்து நாள் கேட்டிருக்கிறேன்.